ஏற்கெனவே உள்ள மீசைகளுக்கும் பொருந்தும்

நெட்டையாரின் உயரம் ஆறடி நாலு அங்குலம். அவர் வேலை பார்த்த சலூன் நாற்காலியின் உயரம் தரையிலிருந்து ஒன்றரை அடி. இந்த இரண்டுக்கும் நடுவே பத்தொன்பது வருஷமாக மாட்டிக்கொண்டு முழித்தது அவருடைய முதுகு.

சலூன் மாமனார் ஆரம்பித்தது. மாமனார் குள்ளமான மனிதர். தன் கைக்கு வாகாக இரண்டு மர நாற்காலிகளைத் தரையோடு தரையாகச் செய்துவைத்து, தன் முகம் தெரிகிற உயரத்தில் கண்ணாடியையும் மாட்டிவிட்டு, கடைசிக் காலத்தில் கடையையும் பெண்ணையும் ஒட்டகம் போல் வந்து நின்ற மருமகனிடம் ஒப்படைத்தார். "ஒண்ணுமில்ல மாப்ளே, கொஞ்சம் குனிஞ்சு போகணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நாற்காலியைப் பற்றிச் சொன்னாரா, பெண்ணைப் பற்றிச் சொன்னாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. நெட்டையார் வம்பு எதற்கு என்று இரண்டு இடத்திலும் குனிந்தே போனார்.

அவர் மனைவிக்குக் கடையில் 'நிர்வாகம்' என்று பெயர். வாடிக்கையாளர்கள் வைத்த பெயர்தான். கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. கடைக்குப் பின்னாலேயே வீடு என்பதால், அடுப்பில் எதையாவது ஏற்றிவிட்டு வந்து, அன்றன்றைக்குத் தோன்றுகிற விதிகளை அதில் எழுதிவிட்டுப் போவாள். "தூங்குபவர்கள் தலையை ஆட்டக் கூடாது." "அரசியல் பேசுபவர்களுக்குக் கத்தரிக்கோல் மட்டும், கத்தி கிடையாது." ஒவ்வொன்றின் அடியிலும் "இப்படிக்கு, நிர்வாகம்" என்று இருக்கும். யாரும் மீறியதில்லை. கத்தி கணவன் கையில் இருக்கும்போது மனைவியை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

நெட்டையாருக்கென்று இருந்தது ஒரே ஒரு விதி. கழுத்தில் துண்டு கட்டியாயிற்று என்றால் கட்டியாயிற்று. உட்காரும்போது என்ன பேச்சோ அதன்படி முடித்துத்தான் அனுப்புவார். பாதியில் விலை ஏறினாலும் துண்டுக்குள் இருப்பவருக்குப் பழைய விலைதான். மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து சொன்னபோது, ஒருவருடைய கன்னத்தில் நுரை இருந்தது. இவர் அந்தக் கன்னத்தை முடித்து, கிருதாவை இரண்டு பக்கமும் சமமாக்கி, படிகாரம் தடவிவிட்டுத்தான் ஓடினார். மகள் பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த அரை மணி நேரத்துக்கு நிர்வாகம் இன்னும் மன்னிப்பு வழங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. துண்டுக்குள் இருப்பவரிடம் தன் சொந்தக் காரியம் எதையும் அவர் கேட்க மாட்டார். "கழுத்துல கத்தி இருக்கிறவன் எதுக்கும் சரின்னுதான் சொல்லுவான். அதெல்லாம் ஒரு சம்மதமா?" என்பார்.

நிற்க. முதுகு விஷயத்துக்கு வருவோம்.

போன வருஷம் டாக்டர் முதுகு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி வராது. "இன்னும் ஒரு வருஷம் இப்படியே குனிஞ்சு வேலை பார்த்தீங்கன்னா, அப்புறம் நிமிர்றதுக்கு என்கிட்ட வராதீங்க. தொழிலை விடுங்க. இல்ல, நாற்காலியை மாத்துங்க" என்றார். நெட்டையாருக்கு வேறு தொழில் தெரியாது. ஆக, நாற்காலி.

முதலில் தச்சரிடம்தான் போனார்கள். தச்சர் கெட்டிக்காரர். ஆள் தொடை பருமனுக்கு ஒரு மரத்திருகு செய்து, அதன் மேல் நாற்காலியைப் பொருத்தி, சுற்றினால் ஏறும் என்றார். ஏறியது. முதன்முதலாக அதில் உட்கார்ந்தவர் மளிகைக்கடைக்காரர், நல்ல கனத்த சரீரம். சுற்றச் சுற்ற மேலே போனவர் மின்விசிறிக்கு ஒரு முழம் கீழே போய் நின்றார். அவ்வளவுதான், திருகு இறுகிக்கொண்டது. முன்னாலும் சுற்றவில்லை, பின்னாலும் சுற்றவில்லை. நெட்டையார் நிமிர்ந்து நின்று, கையை மட்டும் தூக்கி, அவருக்கு முழுசாக முடி வெட்டி முடித்தார். அன்றைக்கு முதுகு வலிக்கவே இல்லை என்பது வேறு விஷயம். பெயின்டரிடமிருந்து ஏணி வரவழைத்து மளிகைக்கடைக்காரரை இறக்கினார்கள். இறங்கியவர் அதற்கப்புறம் கடைப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகுதான் வெளிநாட்டு நாற்காலி. காலால் ஒரு மிதி மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தில் ஏறும், இன்னொரு மிதியில் இறங்கும் என்று விளம்பரத் தாளில் படம் போட்டிருந்தது. "இறங்குமா?" என்று நிர்வாகம் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். அதை வரவழைக்க இறக்குமதி உரிமம் வேண்டும். விண்ணப்பத்தில் எடையை டன் கணக்கில் கேட்டிருந்தார்கள். இரண்டு நாற்காலிக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்று ஆறு டன் என்று நெட்டையார் எழுதினார். எழுத்துப்பிழை என்று நினைத்து, "பதினாறு டன் எனத் திருத்தி அனுப்பவும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "பதினாறு டன் நாற்காலியை வெச்சு ஊருக்கே ஒரே நேரத்துல முடி வெட்டறதா?" என்று அவர் நொந்துகொண்டார். பதினேழு காகிதங்கள், பதினொரு மாதங்கள். ஒருவழியாக உரிமம் வந்தது. வருஷக் கடைசி வரை செல்லும் என்று முத்திரையோடு இருந்தது. நிர்வாகம் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

பதினெட்டாம் தேதி நாற்காலிகள் கப்பல் ஏறின. அடுத்த மாதம் முதல் தேதி புதிய வணிக விதி அமலுக்கு வந்தது. ஆறாம் தேதி கப்பல் கரைக்கு வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, இங்கே துறைமுகக் கிடங்கு வரைக்கும் எட்டியது.

கிடங்கிலிருந்து வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு நெட்டையார் இறக்குமதி அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடித் தடுப்பில் இடுப்பு உயரத்தில் ஒரு சன்னல் துளை. யார் அளவுக்கு வைத்தார்களோ, மாமனார் அளவாகத்தான் இருக்க வேண்டும். முனகிக்கொண்டே குனிந்தார். குனிந்தவருக்கு முதலில் தெரிந்தது முகமல்ல, ஒரு மீசை. இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்து, நடுவில் அடர்ந்து, இடது பக்கம் மட்டும் ஒரு நூல் அளவு நீளம் கூடுதலாக விட்ட மீசை. அந்த இடத்தில் உதட்டுக்கு மேல் ஒரு தழும்பு உண்டு. அங்கே முடி முளைக்காது. பக்கத்து முடியை இழுத்து மூடினால்தான் மீசை முழுசாகத் தெரியும். பதினொரு வருஷமாக மாதம் இரண்டு தடவை அதை மூடுவது நெட்டையாரின் கை. உலகத்தில் அந்தத் தழும்பைப் பற்றி அறிந்தவர்கள் மூன்றே பேர். மூன்றாவது ஆள் மீசைக்குச் சொந்தக்காரரான அந்த அதிகாரியின் மனைவி. அவரும் மறந்திருப்பார்.

"சார், நீங்களா!" என்றார் நெட்டையார்.

மீசை ஒரு கணம் திடுக்கிட்டது. "ஓ... நீங்களா அந்த நாற்காலி? பேப்பர்ல கடை பேர்தான் இருந்தது. கவனிக்கல."

"ஆமா சார். வந்து கிடக்குது. எடுத்துக்கலாமா?"

"எடுக்க முடியாது. முதல் தேதியிலேருந்து புது விதி. ஏறி இறங்கற இருக்கை எல்லாம் இனிமே இயந்திரம். சோதனைக் குழுவோட சான்றிதழ் வேணும்."

"அந்தக் குழு எங்க சார் இருக்கு?"

"இன்னும் போடல."

"எப்போ போடுவாங்க?"

"அதை முடிவு பண்ண ஒரு குழு போட்டிருக்காங்க."

நெட்டையார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார். "ஆனா சார், என் லைசென்ஸ் விதி வர்றதுக்கு முன்னாடியே வாங்கினது. கப்பல் ஏறினதும் முன்னாடி. புது விதி இதுக்கு எப்படிப் பொருந்தும்?"

"அதான் கேள்வி" என்றார் அதிகாரி. இந்தக் கேள்வி அவரையும் தூங்கவிடவில்லை என்பது குரலில் தெரிந்தது. "ஏற்கெனவே கொடுத்த லைசென்சுக்குப் பொருந்தும்னு சர்குலர்ல இல்ல. பொருந்தாதுன்னும் இல்ல. அதனால பாதுகாப்பா இருக்கட்டும்னு எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிருக்கேன்."

"யாருக்கு சார் பாதுகாப்பு?"

அதிகாரி நேர்மையான மனிதர். யோசித்தார். "எனக்குத்தான்" என்றார்.

அவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்தவரில்லை. ஆனால் இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் அவர் கற்ற பாடம் ஒன்றுதான்: விட்டவன் மாட்டியிருக்கிறான், நிறுத்தியவன் ஒருத்தனும் மாட்டினதில்லை. கிடங்கில் முப்பது நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் உத்தரவு வராவிட்டால் நாற்காலிகள் வந்த வழியே கப்பலேறிவிடும். இதையும் அவரே வருத்தத்தோடு சொன்னார்.

வீட்டில் நிர்வாகம் பொங்கி எழுந்தாள். "பதினோரு வருஷமா அவர் மீசையைப் பிடிச்சிட்டு நிக்கறீங்க. அடுத்த தடவை வந்து உட்காரும்போது கேளுங்களேன்!"

"துண்டு கட்டினதுக்கப்புறம் கேட்க மாட்டேன். அது முறையில்ல."

"சரி, கட்டறதுக்கு முன்னாடி கேளுங்க."

"அப்போ அவர் வாடிக்கையாளரா வந்திருக்கார். ஆபீஸ் விஷயம் ஆபீஸ்ல."

"நல்லா இருக்கு! அவரு அங்க சட்டம் பேசுறாரு, நீங்க இங்க முறை பேசுங்க. நாற்காலி நடுக்கடல்ல போகட்டும். உங்க முதுகு என்ன ஆகறது?" என்று கேட்டாள். ஆறு மாதமாக இரவில் அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பது அவளுக்குத்தான் கேட்கும்.

கேட்கிற வேலையும் இல்லாமல் போயிற்று. அதிகாரி கடைக்கு வரவே இல்லை. கூச்சம். மூன்று வாரம் வேறெங்கோ போய்ச் சமாளித்தார். அந்தக் கடைக்காரனுக்குத் தழும்பு விஷயம் தெரியாது. இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் இடது பக்கத்தை ஒரு நூல் குறைத்துவிட்டான். அன்றிலிருந்து அதிகாரி ஒரு ஃபைலை எடுத்து வாயை மூடிக்கொண்டுதான் அலுவலகத்தில் பேசினார் என்று கேள்வி.

இருபத்தெட்டாம் நாள் காலை எட்டு மணிக்கு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, அதிகாரி கடைக்குள் நுழைந்தார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டாரோடு நின்று படம் எடுத்தாக வேண்டும். மானத்தை விட்டால் மீசை, மீசையை விட்டால் மானம் என்ற நிலைமை.

"வாங்க சார்" என்றார் நெட்டையார், ஒன்றும் நடக்காதது போல. கைக்குட்டையை விலக்கிப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். "சரி பண்ணிடலாம். உட்காருங்க." கழுத்தில் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டார். நுரை தடவினார். அதிகாரி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

வலது கன்னம் முடிந்து கத்தி இடது கன்னத்துக்கு வரும் நேரம், பின்கட்டிலிருந்து நிர்வாகம் வந்தாள். கையில் வாசல் கரும்பலகை. நாற்காலிக்கு நேர் எதிரே, உரிமத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் 'டக்'கென்று மாட்டினாள். சத்தம் கேட்டு அதிகாரி கண்ணைத் திறந்தார்.

"இன்று முதல் இக்கடையில் மீசைக்கு அனுமதி இல்லை. ஏற்கெனவே உள்ள மீசைகளுக்கும் இது பொருந்தும். இப்படிக்கு, நிர்வாகம்."

அதிகாரி இரண்டு முறை படித்தார். "என்னம்மா இது?"

"புது விதி சார்."

"மீசை என்ன பண்ணிச்சு?"

"அது ஏறி இறங்குது சார். ஆபத்தாம். சோதனைச் சான்றிதழ் இருந்தா வெச்சுக்கலாம்."

"சான்றிதழ் யார் கொடுப்பாங்க?"

"குழு போடணும்."

அதிகாரி துள்ளி எழப் பார்த்தார். இடது கன்னத்தில் நுரை, கழுத்தில் துண்டு. அந்தக் கோலத்தில் தெருவில் போக முடியாது என்பது ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தார். "என்னம்மா அநியாயம் இது! இருபத்தாறு வருஷமா இருக்கிற மீசை. உங்க போர்டு இன்னிக்குக் காலையில வந்தது. இன்னிக்கு வந்த விதி, நேத்து வரைக்கும் செல்லுபடியா இருந்த ஒண்ணை எப்படித் தொடும்?"

நிர்வாகம் மகளுடைய நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார்."

இங்கேதான் அதிகாரி வழுக்கினார். வேறு யாராக இருந்தாலும் எதற்கு எழுதுகிறாய் என்று கேட்டிருப்பார்கள். இவரோ இருபத்தாறு வருஷமாகக் குறிப்புகள் சொல்லிச் சொல்லிப் பிறரை எழுதவைத்தே பழகியவர். எதிரே ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டால் போதும், அவர் வாய் தானாகவே அலுவலகமாகிவிடும்.

"எழுதும்மா" என்றார். குரல் கனத்தது. "விதி என்பது வரும் காலத்தை நோக்கிச் செல்வது, கமா, கடந்த காலத்துக்குத் திரும்பி நடப்பதல்ல. முற்றுப்புள்ளி. புதிய விதி வரும் முன்பே முறைப்படி பெற்ற உரிமையை நம்பி, ஒருவர் தம் காலத்தையும் உழைப்பையும் மீசைக்குச் செலவிட்டிருக்கும் நிலையில், கமா, அந்த நம்பிக்கையைப் பாதி வழியில் பறிப்பது நியாயமாகாது. 'நியாயமாகாது'க்குக் கீழே கோடு போடும்மா."

"போட்டாச்சு சார். ஆனா எங்க போர்டுல 'ஏற்கெனவே உள்ள மீசைகளுக்கும் பொருந்தும்'னு தெளிவா எழுதியிருக்கே?"

"எழுதினா ஆச்சா? பின்னோக்கிப் பொருந்தற மாதிரி எழுதறதுக்கு மேலேருந்து அதிகாரம் வேணும். உங்களுக்கு யார் கொடுத்தா?"

"சரி, எனக்கு அதிகாரம் இல்ல. எழுதியாவது வெச்சிருக்கேன். உங்க சர்குலர்ல அந்த வார்த்தையாவது இருக்கா சார்?"

நுரை ஒன்று உடைகிற சத்தம்கூடக் கேட்டது. அதிகாரிக்கு எதிரே பலகையும், பலகைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் அவர் அலுவலக முத்திரையோடு உரிமமும் தொங்கின. அவர் ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்தார்.

"கத்தியை எடுங்க" என்றாள் நிர்வாகம் கணவனிடம். "மீசையை எடுத்துடுங்க. விதின்னா விதி."

நெட்டையாருக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஆசை இல்லாமலா? ஒரே இழுப்பு. முதுகு வலிக்கும், பதினொரு மாதத்துக்கும், பதினேழு காகிதத்துக்கும் சேர்த்து ஒரே இழுப்பு. பிறகு பெருமூச்சு விட்டார்.

"இந்தா, போர்டை எடு" என்றார்.

"என்னங்க!"

"அவருக்குத் துண்டு கட்டும்போது இந்தப் போர்டு இல்ல. கட்டினதுக்கு அப்புறம் வந்த விதி அவருக்கு இல்ல. அடுத்தாப்ல வர்றவனுக்கு வெச்சுக்கோ. இவர் மீசையோட உட்கார்ந்தார், மீசையோடதான் எழுந்திருப்பார்."

நிர்வாகம் அவரை முறைத்த முறைப்பில் நுரை காய்ந்திருக்க வேண்டும். ஆனால் பலகையை எடுத்துவிட்டாள்.

மீசை வேலை நுணுக்கமானது. அதற்கு இடுப்பை ஒடித்துக் குனிய வேண்டும். அன்றைக்கு நெட்டையாரால் முடியவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு காலை மடித்து முட்டி போட்டார். ஆறடி நாலு அங்குல மனிதர், தரையில் முட்டி போட்டு, பக்கத்து முடியை மெல்ல மெல்ல இழுத்து அந்தத் தழும்பை மூடினார். அதிகாரி அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பதை நெட்டையார் பார்த்தார். பதினொரு வருஷத்தில் அதிகாரி தன் மீசையைத் தவிர வேறொன்றை அந்தக் கண்ணாடியில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முடிந்ததும் அதிகாரி எழுந்து, மீசையை ஒருமுறை நீவிவிட்டு, "நான் பொதுவாத்தான் சொன்னேன். உங்க ஃபைலைப் பத்திச் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் போனார். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார்.

மறுநாள், இருபத்தொன்பதாம் நாள், கணவனும் மனைவியும் சன்னல் துளைக்கு முன்னால் நின்றார்கள். நிர்வாகம் ஒரு மனுவை உள்ளே தள்ளினாள். அதிகாரி படித்தார். "விதி என்பது வரும் காலத்தை நோக்கிச் செல்வது" என்ற இடத்தில் அவர் தலை தானாக ஆடியது. இரண்டாம் பத்தியில் "பேஷ்" என்றுகூடச் சொன்னார்.

"நல்லா எழுதியிருக்கு. யார் எழுதினது? வக்கீலா?"

"நீங்கதான் சார்" என்றாள் நிர்வாகம். "கமா எல்லாம் நீங்க சொன்ன இடத்துலதான் இருக்கு. 'மீசை'யை எடுத்துட்டு 'நாற்காலி' போட்டேன், அவ்வளவுதான்."

அதிகாரி மேஜை இழுப்பறையைத் திறந்து சுற்றறிக்கையை எடுத்தார். ஆள்காட்டி விரலை வைத்து வரி வரியாகத் தேடினார். 'ஏற்கெனவே' என்ற வார்த்தையைத் தேடுகிறார் என்று நெட்டையாருக்குப் புரிந்தது. விரல் கடைசிப் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் போய், கையெழுத்தையும் தாண்டி, வெறும் காகிதத்தில் வந்து நின்றது.

"இல்ல" என்றார் அதிகாரி. நெற்றி வியர்த்திருந்தது. "இல்லாத வார்த்தையை நாம சேர்க்க முடியாதுதான். ஆனா நாளைக்கு மேலதிகாரி கூப்பிட்டு, ஏன் விட்டேன்னு கேட்டா?"

நெட்டையார் துளைக்கு முன்னால் குனிந்தார். "மேலதிகாரிக்கு மீசை இருக்கா சார்?"

"இருக்கு. பெரிசு."

"அப்போ புரியும்."

அதிகாரி கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்தார். அப்புறம் எழுதத் தொடங்கினார். இருபத்தாறு வருஷத்தில் ஒன்றை நிறுத்தாமல் விடுவது இதுதான் முதல் தடவை என்பதால் கையெழுத்து கொஞ்சம் கோணியது. "புதிய விதிக்கு முன் வழங்கப்பட்ட உரிமத்தின்படி, விதிக்கு முன்பே கப்பலேறிய சரக்குக்கு அவ்விதி பொருந்தாது. விடுவிக்கலாம்." முத்திரையை இரண்டு தடவை குத்தினார். நிர்வாகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சார், 'விடுவிக்கலாம்'க்குக் கீழே ஒரு கோடு போட்டுடுங்க" என்றாள். போட்டார்.

முப்பதாம் நாள் மாலை நாற்காலிகள் கடைக்கு வந்து சேர்ந்தன. சேதி பரவி, மளிகைக்கடைக்காரர் சனிக்கிழமை காலை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "இறங்குமா?" என்று கேட்டார். நெட்டையார் வெறும் நாற்காலியை மூன்று தடவை ஏற்றி இறக்கிக் காட்டினார். நாலாவது தடவை ஒரு அரிசி மூட்டையை வைத்துக் காட்டச் சொன்னார் மளிகைக்கடைக்காரர். அதையும் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார். துண்டு கட்டியாயிற்று. நெட்டையார் மிதித்தார். மிதிக்க மிதிக்க, மளிகைக்கடைக்காரர் ஒரு மெல்லிய எண்ணெய்ச் சத்தத்தோடு மேலே வந்தார். தலை நெட்டையாரின் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

நெட்டையார் கத்தரிக்கோலை எடுத்தார். பழக்கத்தில் குனியப் போனார். குனிய ஒன்றுமில்லை. மெதுவாக, ஒவ்வொரு எலும்பாகக் கேட்டுக் கேட்டு நிமிர்ந்தார். கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவர் சட்டைப் பொத்தான்தான் தெரிந்தது. முகம் இல்லை. மாமனார் அளவுக் கண்ணாடியில் அவர் முகம் அடங்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டே வந்த நிர்வாகம் வாசற்படியில் அப்படியே நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அண்ணாந்தாள்.

"என்னங்க... நீங்க இவ்வளவு உயரமா?"

"என்ன புதுசாக் கேட்கறே? கல்யாணத்தன்னிக்கே பார்த்தியே."

"எங்க பார்த்தேன்? அன்னிக்கு நான் தலை குனிஞ்சு இருந்தேன். மறுநாள்லேருந்து நீங்க குனிஞ்சுட்டீங்க."

அவள் கண் கலங்குவதைப் பார்த்த நெட்டையார், சமாதானம் சொல்லலாம் என்று அவள் பக்கமாகக் குனிந்தார். அவள் சட்டென்று இரண்டு கையையும் அவர் மார்பில் வைத்து மேலே தள்ளினாள்.

"குனியாதீங்க. அப்படியே நில்லுங்க. கொஞ்ச நேரம் பார்த்துக்கறேன்."

நின்றார். அவளும் பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. கடைசியில் நாற்காலி மேலேயிருந்து மளிகைக்கடைக்காரரின் குரல்தான் கேட்டது.

"நல்லாப் பாருங்கம்மா, வேண்டாங்கல. முதல்ல என்னை இறக்கி விட்டுட்டுப் பாருங்க."